வெண்டி வாசித்த தாள்கள்

கேள்வி
2024 ஜூலை 13, காலை

‘த ஷைனிங்’ படத்தை மனம் பேதலித்த ஓர் எழுத்தாளனின் கதை என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். நேற்று அதை மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். குளிர்காலத்துக்கு மூடிய ஹோட்டல் ஒன்றைப் பராமரிக்க மனைவி வெண்டியோடும் மகன் டானியோடும் போய்த் தங்கி, அங்கே எழுதவும் முயல்பவன் ஜாக் டொரன்ஸ். என் வாதம் இதுதான்: அவன் எழுத்தாளனே அல்லன். குளிர்காலம் முழுவதும் ஒரே வாக்கியத்தைத் தட்டச்சு செய்தவனை எழுத்தாளன் என்று எப்படிச் சொல்வது? அவனுடைய இடத்தில் ஓர் ஓவியனையோ கணக்காளனையோ வைத்தாலும் படம் இப்படியேதான் ஓடும். மறுப்பவர்கள் இந்த இழையில் காரணத்துடன் எழுதுங்கள்.

பதில்
ஜூலை 13, இரவு 9.40

மறுக்கிறேன். ஓவியனை வைத்தால் அந்தப் படம் ஓடாது. ஓர் ஓவியத்தை அறைக்குள் நுழைந்தவுடனேயே பார்த்துவிடலாம். எழுத்தை ஒருவர் கிட்டப் போய், தாளைக் கையில் எடுத்து, வரி வரியாக வாசித்தாக வேண்டும். படத்தின் உச்சக்கட்டப் பயம் கோடரியோடு கதவை உடைக்கும் இடத்தில் இல்லை. கையில் பேஸ்போல் மட்டையோடு மண்டபத்துக்குள் வரும் வெண்டி, தட்டச்சு இயந்திரத்தில் செருகியிருக்கும் தாளை முதலில் பார்க்கிறாள்; பிறகு பக்கத்தில் அடுக்கியிருக்கும் கட்டிலிருந்து ஒவ்வொரு தாளாக எடுக்கிறாள். முதல் தாளில் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று நினைக்கிறாள். இரண்டாவது தாளில் அந்த நினைப்புப் போய்விடுகிறது. அதன் பிறகும் அவள் நிறுத்தாமல் அடுத்த தாளுக்குப் போகிறாள், ஏனென்றால் எங்காவது ஓரிடத்தில் வேறொரு வாக்கியம் இருக்கும் என்ற நம்பிக்கை அவளுக்கு இருக்கிறது. அந்தத் தாள்களில் சில பந்தி பிரித்து ஒழுங்காக அடிக்கப்பட்டிருக்கின்றன, சில நாடக வசனம் போல நடுவில் ஒதுக்கி அடிக்கப்பட்டிருக்கின்றன, சிலவற்றில் எழுத்துப் பிழைகளும் இருக்கின்றன. வடிவம் மாறுகிறது, சொல் மாறவில்லை. வாசிப்பவளால் மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய பயம் அது.

ஆகவே அதை எழுத்தாளனின் கதை என்று எழுதுவோர் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரையில் அது அந்த வீட்டில் அவனை வாசிக்க நேர்ந்த ஒருத்தியின் கதை. வெண்டியாக நடித்த ஷெல்லி டுவால் நேற்று முன்தினம், 11ஆம் திகதி, தமது 75ஆவது வயதில் காலமாகிவிட்டார் என்ற செய்தியைப் படித்த பிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1980இல் படம் வெளியானபோது அந்த நடிப்பை மிக மோசமான நடிப்புக்கான கோல்டன் ராஸ்பெரி விருதுக்குப் பரிந்துரைத்தார்கள்; 2022இல்தான் அந்தப் பரிந்துரையை மீளப் பெற்றார்கள். நாற்பது வருடங்களுக்கும் மேலாக அவருடைய முகத்தை மிகை நடிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், அந்தத் தாள்களைத் தாங்கள் வாசித்திருந்தால் தங்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்திருக்க வேண்டும்.

ஜூலை 13, இரவு 10.15

மேலே எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். வெண்டி தாள்களைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து வரும் ஜாக், ஏன் என் பொருட்களைத் தொட்டாய் என்று கேட்கவில்லை. எப்படி, பிடித்திருக்கிறதா என்றுதான் கேட்கிறான். எழுதியதை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருக்கும் எவரும் கேட்கும் கேள்வி அது. இவன் எழுத்தாளன் அல்லன் என்று சொல்பவருக்கு என்னுடைய பதில் அந்தக் கேள்விதான். அவனுக்கு வாசகர் தேவைப்படுகிறார்.

ஜூலை 14, பிற்பகல்

இதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

அப்பா அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தவர். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஓர் ஒழுங்கையில் எங்கள் வாடகை வீடு. முன்னறையில் யன்னலோரமாக அவருடைய மேசையும் பிரம்புக் கதிரையும் இருந்தன. இரவு எட்டு மணிக்கு அந்த அறையின் கதவு சாத்தப்படும். கரையோரப் பாதையில் கடைசி ரயில் போகும் வரையில் அது திறக்காது. எனக்கும் தம்பிக்கும் படிப்பு குசினி மேசையில்தான். அம்மா தேநீரைப் பிளாஸ்கில் ஊற்றிக் கதவடியில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் திரும்பி வருவார். அப்பா ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய ஊர்க் கிணற்றடியில் தொடங்கும் நாவல் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். நான் ஆறாம் வகுப்பில் படிக்கும்போது தொடங்கிய அந்த நாவல், நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் முடியவில்லை.

அப்பா குடிப்பவர் அல்லர். எங்களில் எவரையும் அவர் கைநீட்டி அடித்ததும் இல்லை. ஆனால் ஒரு தடவை அம்மா பிளாஸ்கை வைக்கும்போது கதவு திறந்திருந்ததால், “எவ்வளவு முடிந்திருக்கிறது?” என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டார். அப்பா எழுதிக்கொண்டிருந்த கொப்பியைத் தூக்கி எறிந்தார். அது அம்மா மீது படவில்லை, கதவு நிலையில் பட்டு விழுந்தது. மட்டை பிய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வீட்டில் எவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சில வருடங்கள் கழித்து வீடியோக் கடையில் வாடகைக்கு எடுத்த கசற்றில் இந்தப் படத்தைச் சிநேகிதியின் வீட்டில் பார்த்தேன். பேய்ப்படம் என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். வெண்டி மண்டபத்துக்குள் போய், இன்றைக்கு நிறைய எழுதினீர்களா என்று கேட்கிற காட்சியும், ஜாக் தாளை உருவிக் கிழித்துப் போட்டுவிட்டு, நான் இந்த இடத்தில் இருந்தால் வேலை செய்கிறேன் என்றே அர்த்தம், தட்டச்சுச் சத்தம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் உள்ளே வராதே என்று சொல்கிற காட்சியும் வந்தபோது என்னால் அங்கே இருக்க முடியவில்லை. தண்ணீர் குடிப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனேன். பேய் எதுவும் அதுவரையில் பெரிதாக வரவில்லை. சிநேகிதிக்கு நான் எதற்குப் பயந்தேன் என்று விளங்கவில்லை.

அப்பா காலமான பிறகு றங்குப்பெட்டியைத் திறந்தோம். நூற்றறுபது பக்கக் கொப்பிகள் பதினேழு. எல்லாவற்றிலும் முதலாம் அத்தியாயம். இரண்டாம் அத்தியாயம் எந்தக் கொப்பியிலும் இல்லை. நானும் தம்பியும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு கொப்பியாக எடுத்தோம், வைத்தோம், அடுத்ததை எடுத்தோம். அம்மா அப்போது எங்களுடன் இல்லை, அவர் இரண்டு வருடம் முந்திப் போய்விட்டார். அவர் அந்தக் கொப்பிகளை ஒரு நாளும் வாசித்ததில்லை. வாசிக்காமலே போனது நல்லது என்று அன்று நினைத்தேன்.

ஜூலை 15

ஒரு திருத்தம். சிநேகிதிக்கு நான் அன்று ஜாக் நாவல் எழுதுகிறான் என்று விளக்கியிருந்தேன், இங்கும் அப்படி எழுத இருந்தேன். படத்தில் அவன் என்ன எழுதுகிறான் என்பது சொல்லப்படவே இல்லை. ஏதோ எழுத்து வேலை என்பதோடு விட்டுவிடுகிறார்கள். ஸ்டீபன் கிங் 1977இல் வெளியிட்ட மூல நாவலில்தான் அவன் ஒரு நாடகம் எழுதுகிறான். பிறகு ஹோட்டலின் நிலவறையில் கிடைக்கும் பழைய பத்திரிகைத் துணுக்குகளில் மயங்கி, ஹோட்டலின் வரலாற்றை எழுதும் ஆசைக்கு ஆளாகிறான். ஒரே வாக்கியத்தால் நிறைந்த தாள்கட்டு நாவலில் கிடையாது. அது படத்தை எடுத்த ஸ்டான்லி குப்ரிக்கும் அவருடன் திரைக்கதை எழுதிய டயன் ஜோன்சனும் எழுதிய திரைக்கதைக்கே உரியது.

கிங்குக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை என்பது பரவலாகத் தெரிந்த விடயம். அவர் 1974இல் கொலராடோ மாநிலத்தின் எஸ்டெஸ் பார்க் நகரில், பருவகாலம் முடிந்து மூடவிருந்த ஸ்டான்லி ஹோட்டலில் தங்கியபோதுதான் இந்தக் கதை அவருக்குப் பிறந்தது. அவரே அப்போது குடிப்பழக்கத்தோடு போராடிக்கொண்டிருந்தவர், சின்னப் பிள்ளைகளுக்குத் தகப்பன். அவருடைய ஜாக் நல்லவனாக இருக்க முயன்று தோற்பவன். குப்ரிக்கின் ஜாக் காரில் வரும்போதே விறைத்த சிரிப்போடு வருகிறான். 1997இல் கிங் தாமே திரைக்கதை எழுதி அதே ஸ்டான்லி ஹோட்டலில் தொலைக்காட்சித் தொடராக மறுபடி எடுக்க வைத்தார். ஜாக்கின் பக்கத்து நியாயம் அதில் கூடுதலாக இருக்கிறது. ஆனால் எழுதுபவன் தன்னைப் பற்றி எழுதிய கதை அது. குப்ரிக்கின் படத்தில் அந்த மேசையை நாம் வெளியிலிருந்து பார்க்கிறோம். அந்த வீட்டுப் பிள்ளையாக இருந்த எனக்கு இரண்டாவதுதான் உண்மையாகப் படுகிறது, கிங்கின் கோபம் எனக்கு விளங்கினாலும்கூட.

ஜூலை 17

ஜாக் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்த வாக்கியத்தைத் தமிழில் எப்படி மொழிபெயர்ப்பது என்ற கேள்விக்கு: மொழிபெயர்க்கக் கூடாது. குப்ரிக்கே மொழிபெயர்க்கவில்லை. விளையாட்டில்லாமல் வேலை மட்டும் செய்தால் ஜாக் மந்தமான பையனாவான் என்பது ஆங்கிலேயர் வீட்டுப் பழமொழி. இத்தாலிய, ஜேர்மன், ஸ்பானிய, பிரெஞ்சுப் பிரதிகளுக்கு அந்தந்த மொழியின் பழமொழியையே தட்டச்சு செய்வித்தார்கள். இத்தாலியருக்குக் காலைப் பொழுதின் வாயில் பொன் இருக்கிறது. ஜேர்மானியருக்கு இன்றைக்குச் செய்யக்கூடியதை நாளைக்குத் தள்ளிவைக்காதே. ஸ்பானியருக்கு எவ்வளவுதான் நேரத்தோடு எழும்பினாலும் விடியல் முந்தி வராது. பிரெஞ்சுக்காரருக்கு இரண்டு “தருவேன்”களை விட ஒரு “இந்தா” மேல். நான்கும் பாட்டன் பாட்டி பிள்ளைகளுக்குச் சொல்லும் வாக்கியங்கள். அதனால்தான் பயமாக இருக்கிறது.

தமிழில் நான் தேர்வது “எறும்பூரக் கல்லும் தேயும்.” அந்தப் பழமொழியே திரும்பத் திரும்பச் செய்வதைப் புகழ்கிறது. அதை ஆயிரம் தடவை அடித்த தாள்கட்டு ஒன்றைக் கையில் எடுப்பவருக்கு, எறும்பு யார், கல் யார் என்ற கேள்வி வராமல் இருக்காது.

ஜூலை 17, சற்றுப் பிந்தி

இல்லை, மாற்றுகிறேன். இன்னொருவர் நினைவூட்டிய ஆத்திசூடி வரிதான் பொருத்தம்: “ஊக்கமது கைவிடேல்.” எங்களுடைய உறுப்பெழுத்துக் கொப்பியில் ஆசிரியர் மேல் கோட்டில் அழகாக ஒரு வரியை எழுதித் தருவார், நாங்கள் பக்கம் முடியும் வரையில் அதைப் பார்த்துப் பார்த்து எழுதுவோம். முதல் நான்கைந்து வரியில் கவனம் இருக்கும். அதற்குப் பிறகு மேல் கோட்டைப் பார்க்காமல் சற்று முன்பு நாமே எழுதியதைப் பார்த்து எழுதத் தொடங்குவோம், பிழையும் அப்படியே இறங்கிக்கொண்டு போகும். ஜாக்கின் தாள்களில் பிழைகள் வருவதும் இதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது. அவன் தன்னையே பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறான்.

ஜூலை 20, போயா தினம்

இன்று விடுமுறையாதலால் நேற்றிரவு மகளுடன் படத்தை மறுபடி பார்த்தேன். அவளுக்கு இதுவே முதல் தடவை. அவள் கவனித்துச் சொன்ன ஒன்று இத்தனை வருடங்களில் எனக்குப் படவில்லை. ஹோட்டலைப் பராமரிக்கும் வேலைக்குச் சம்பளம் வாங்குபவன் ஜாக். ஆனால் கொதிகலனின் அளவுமானிகளைப் பார்ப்பதும், வானொலித் தொடர்பில் வன அதிகாரிகளோடு பேசுவதும், சமைப்பதும் வெண்டிதான். ஜாக் சுவரில் பந்தை எறிந்து விளையாடுகிறான். தட்டச்சு இயந்திரம் சும்மா இருக்கிறது, பந்து விழும் சத்தம் மட்டும் கேட்கிறது. கரட் பிரவுன் அப்போது புதிதாக உருவாக்கியிருந்த, கமெரா குலுங்காமல் நகர உதவும் ஸ்டெடிகாம் கருவியால், சிறுவன் டானி மூன்று சக்கர வண்டியில் தாழ்வாரங்களைச் சுற்றுவதைத் தரையோடு தரையாகத் தொடர்ந்து எடுத்திருக்கிறார்கள். மரத்தரையில் சக்கரம் இரைகிறது, கம்பளத்தில் ஏறியதும் சத்தம் அடங்குகிறது, மறுபடி இரைகிறது. அந்தக் காட்சியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல விரும்புவது வேறு: எழுதுபவர் இருக்கும் வீட்டில் வளரும் பிள்ளைக்குச் சத்தத்தின் கணக்குத் தெரியும். எந்தப் பலகை கிரீச்சிடும், எந்தக் கதவைத் தூக்கித் திறக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கும் தம்பிக்கும் அத்துப்படி.

படம் முடிந்ததும் என்னிடம் இருக்கும் ஆறு கொப்பிகளை எடுத்தேன். மிகுதி பதினொன்றும் தெஹிவளையில் தம்பி வீட்டில் இருக்கின்றன. இவ்வளவு காலமும் நான் அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததில்லை. பெட்டியைத் திறந்த அன்று வெண்டி பார்த்த விதமாகவே பார்த்தேன்: முதல் பக்கம், முதல் பக்கம், முதல் பக்கம். நேற்றிரவு மகள் ஒன்றை வாசிக்க நான் மற்றதைப் பார்த்துக்கொண்டு வந்தபோது, ஆறும் ஆறு விதமாக இருப்பது தெரிந்தது. ஒன்றில் கிணற்றடியில் நிற்பவள் ஒரு விதவை, அடுத்ததில் கல்யாணமாகாத பெண். ஒன்றில் கப்பியில் தண்ணீர் அள்ளுகிறாள், அதற்கடுத்ததில் துலா. வாளி ஓரிடத்தில் பனையோலைப் பட்டையாக மாறியிருக்கிறது. வானம் வெளுக்கும் நேரம் ஓரிடத்தில் மாலைக் கருக்கலாகியிருக்கிறது.

14ஆம் திகதி நான் எழுதிய தொனி பிழையானது. எங்கள் அப்பாவின் பெட்டியையும் ஜாக்கின் தாள்கட்டையும் ஒன்றாகக் காட்டினேன். அவை ஒன்றல்ல. அப்பா திருத்திக்கொண்டிருந்தார். திருத்துவது பைத்தியமல்ல, தொழில். படத்தின் மீதும் எனக்கு இப்போது ஒரு குறை இருக்கிறது: ஜாக் கிழித்துப் போட்ட அந்தத் தாளில் என்ன இருந்தது என்பதை அது காட்டவே இல்லை. அதில் ஒரு நல்ல வாக்கியம் இருந்திருக்கலாம். வெண்டி அந்த நேரத்தில் உள்ளே வந்திருக்காவிட்டால் என்று வாதிட மாட்டேன், அது அவள் தலையில் பழியைப் போடும் பேச்சு. கிழித்தவன் அவன்தான்.

ஜூலை 23

‘மிசரி’ படத்தில் எழுத்தாளன் நல்ல மனநிலையோடு இருக்கிறான், வாசகிதான் மனநோயாளி, ஆகவே என்னுடைய வாதம் அங்கே உடைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உடையவில்லை, இறுகுகிறது. 1990இல் ரொப் ரெய்னர் எடுத்த அந்தப் படமும் கிங்கின் நாவல்தான். விபத்தில் கால்கள் முறிந்து கிடக்கும் எழுத்தாளனை, பனி சூழ்ந்த வீட்டில் வைத்துப் பராமரிக்கும் ஆனி வில்க்ஸ் அவனுடைய முதல்தர ரசிகை. கதி பேட்ஸுக்குச் சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் விருது கிடைத்தது அந்த வேடத்துக்குத்தான். அவள் அவன் காலுக்குச் செய்வதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடத் தாங்க முடியாதது, வேறு பிரதியில்லாத அவனுடைய புதிய நாவலை அவனைக் கொண்டே கொளுத்த வைப்பது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். செத்துப்போன கதாநாயகியை உயிர்ப்பித்து எழுதும்படி அவள் கட்டாயப்படுத்தியதும் அவன் முதலில் எழுதிக் கொடுப்பது ஒரு மோசடி. முந்தைய புத்தகத்தில் நடந்ததை மறந்ததுபோல எழுதிவிடுகிறான். அவள் அதை வாசித்துவிட்டு, சின்ன வயதில் பார்த்த தொடர்படத்தில் கார் மலையிலிருந்து விழுந்த பிறகு அடுத்த வாரம் கதாநாயகன் முன்பே குதித்துவிட்டதாகக் காட்டிய ஏமாற்றைச் சொல்லித் திருப்பிக் கொடுக்கிறாள். அந்த ஒரு விடயத்தில் அவள் சொன்னதுதான் சரி, அவனும் அதை உணர்ந்துதான் மறுபடி எழுதுகிறான்.

தமிழில் இதே கருவை பாலு மகேந்திரா 2003இல் ‘ஜூலி கணபதி’ என்று எடுத்தார். சரிதாவின் முகத்துக்காகவே அதை மூன்று நான்கு தடவை பார்த்திருக்கிறேன். நாவலாசிரியனாக இருந்தவனைத் தொலைக்காட்சித் தொடர் எழுதுபவனாக மாற்றியதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. கொழும்பில் மாலை நேரத்தில் எந்தத் தொடர்மாடியின் படிகளில் ஏறினாலும் ஒவ்வொரு தளத்திலும் ஒரே தொடரின் வசனம் கதவிடுக்கால் கேட்ட காலம் அது. நாவலுக்காக எவரும் உலையை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்ததில்லை, தொடருக்காகக் காத்திருந்தார்கள். எங்கே வாசகி இருக்கிறாள் என்று பார்த்துக் கதையை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939இல் பிறந்தவர் என்பதைப் புதியவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளையாகச் சுற்றுலா போன வேளையில் கித்துல்கலவில் டேவிட் லீனின் ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படப்பிடிப்பைக் கண்டதுதான் தம்மை இந்தத் துறைக்கு இழுத்தது என்று அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். இங்கிருந்து அவிசாவளை தாண்டிப் போகும்போதெல்லாம் அந்தக் களனி ஆற்றின் வளைவில் நான் வாகனத்தை நிறுத்தச் சொல்வதுண்டு.

ஜூலை 23, இரவு

‘மிசரி’யில் ஆனி வாங்கிக் கொடுக்கும் பழைய தட்டச்சு இயந்திரத்தில் ஆங்கில ‘என்’ எழுத்து இருக்காது. தமிழ் இயந்திரத்தில் ‘ன’கரம் போய்விட்டால் என்ன ஆகும் என்று இன்று யோசித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். நான் போய்விடும். என், உன், அவன், மகன், என்றான், வந்தேன் எல்லாம் போய்விடும். அவள், அவர், நாம், அம்மா இருப்பார்கள். எழுதுபவன் தன்னை எழுத முடியாத இயந்திரம்.

ஜூலை 26

‘சீக்ரட் விண்டோ’ பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: 2004இல் டேவிட் கோப் எடுத்த அந்தப் படத்தில் ஜொனி டெப் நடிக்கும் எழுத்தாளனிடம் ஒரு அந்நியன் வந்து, நீ என் கதையைத் திருடிவிட்டாய் என்கிறான். படம் பார்க்காதவர்கள் இந்தப் பந்தியை இத்துடன் விட்டுவிடலாம். அந்த அந்நியன் அவனேதான். தான் எழுதியதைத் தானே வாசித்துத் தானே குற்றம் சாட்டுகிறான். மனைவி பிரிந்துபோன வீடு அது. வாசிக்க வேறு ஆளில்லை. விவாகரத்துத் தாள்களைக்கூட அவன் வாசிக்காமல் இழுத்தடிக்கிறான். அதிர்ச்சிக்காகச் செய்யப்பட்ட முடிவு என்று பலரும் ஒதுக்கும் படம்தான், நானும் அதைப் பெரிய படமாக நினைக்கவில்லை. இந்த இழைக்குத் தேவையானது அந்த ஆளில்லாத வீடு மட்டுமே.

ஓகஸ்ட் 4

தம்பி வீட்டிலிருந்து மற்றப் பதினொரு கொப்பிகளையும் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு ஒரு வாரமாக இங்கே எழுதவில்லை.

பகலில் யன்னலோரம் உட்கார்ந்து பார்த்ததால்தான் தெரிந்தது. கொப்பியை வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்தால், பேனா மைக்குப் பக்கத்தில் பென்சில் கோடு மினுங்குகிறது. ஓரத்தில், மிகச் சிறிய எழுத்தில், அழுத்தாமல் எழுதப்பட்டிருக்கிறது. அம்மாவின் கையெழுத்து. பால் கணக்கு எழுதும் அதே சரிந்த எழுத்து. அம்மா அந்தக் கொப்பிகளை ஒரு நாளும் வாசித்ததில்லை என்று 14ஆம் திகதி எழுதியிருந்தேன், அது பொய்யாகிவிட்டது. என்னிடமிருந்த ஆறிலும்கூட அந்தக் கோடுகள் இருந்திருக்கின்றன. இரவு மின்விளக்கில் நானும் மகளும் பார்த்ததால் கண்ணில் படவில்லை.

இரண்டாவது கொப்பியில், கப்பியில் தண்ணீர் அள்ளும் வரிக்கு எதிரே, “உங்கள் ஊரில் துலாக் கிணறு அல்லவா?” என்றிருக்கிறது. மூன்றாவது கொப்பியில் துலா வந்திருக்கிறது. ஐந்தாவதில், “விடியற்காலையில் தனியாகப் போகமாட்டாள்” என்றிருக்கிறது. ஆறாவதில் அது மாலைக் கருக்கலாகியிருக்கிறது. ஒன்பதாவதில் ஒரு பந்தி முழுவதற்கும் பக்கத்தில் ஒரு நீளமான கோடு, அதன் நுனியில் “இது நல்லது” என்ற இரண்டு சொற்கள். அந்தப் பந்தி பத்திலும் பதினொன்றிலும் ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கிறது. அவர்கள் இருவரும் இதைப் பற்றி வாய் திறந்து பேசி நாங்கள் கேட்டதில்லை. அப்பா கந்தோருக்குப் போன பிறகு, எங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, அம்மா அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கதவு நிலையில் பட்டு மட்டை பிய்ந்த கொப்பியையும் கண்டுபிடித்தேன். பிரவுண் தாள் வெட்டி, கோதுமை மாப் பசையால் ஒட்டியிருக்கிறது. பசை இருந்த இடத்தைப் பூச்சி அரித்திருக்கிறது. அது பன்னிரண்டாவது. அதன் ஓரங்களில் நான்காம் பக்கம் வரையில் பென்சில் இருக்கிறது, ஐந்தாம் பக்கத்திலிருந்து இல்லை.

பதின்மூன்று முதல் பதினேழு வரையிலான ஐந்து கொப்பிகளையும் மேசையில் வரிசையாக விரித்து வைத்து, முதல் பக்கத்தை நானும் மகளும் சொல் சொல்லாக ஒப்பிட்டோம். துலா, மாலைக் கருக்கல், கல்யாணமாகாத பெண், பட்டை. ஐந்திலும் ஒரே வாக்கியங்கள்தான் இருக்கின்றன. பதினைந்தாவதில் “கிணற்றடி” என்பதில் ஒரு ‘ற்’ விடுபட்டிருக்கிறது. பதினாறிலும் பதினேழிலும் அது அப்படியே விடுபட்டிருக்கிறது.